பேர், நட்சத்திரம்

அந்தச் சனிக்கிழமை காலை கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து, பின்னேரம் மகளோடு வெள்ளைக்காரர்களின் பூசை ஒன்றுக்குப் போனேன். புரட்டாதிச் சனி. சனீஸ்வரனுக்கு விளக்கேற்றிய கை எண்ணெய் மணக்க, இன்னொரு கூட்டத்தின் நடுவே போய் நிற்பது சரியா பிழையா என்று ஐயரிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது சொல்லிவிடுவார், பிறகு போக முடியாது.

இரண்டு நாளைக்கு முன்னர்தான் மகள் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள்.

"அம்மா, சனிக்கிழமை பின்னேரம் ஃப்ரீயோ?"

"ஏன் பிள்ளை?"

"ஒரு இடத்துக்குப் போறன். தனியப் போக ஒரு மாதிரிக் கிடக்கு. இவருக்கும் வேலை. நீங்கள் வாறீங்களோ?"

எங்கே என்று கேட்பதற்கு முதலே ஓம் என்று சொல்லிவிட்டேன். அவள் என்னை ஓரிடத்துக்கு வாருங்கள் என்று கூப்பிட்டு எத்தனையோ மாதமாகிவிட்டது. சுடலைக்கு என்றாலும் போயிருப்பேன்.

பிறகுதான் எங்கே என்று கேட்டேன். பூங்காவில் ஒரு பூசையாம். பகலும் இரவும் சமனாக வருகிற நாளைக் கொண்டாடுகிறார்களாம். யாரும் போகலாமாம். லைப்ரரியில் நோட்டீஸ் ஒட்டியிருந்ததாம்.

"ஆர் செய்யினம்?"

"பேகன் ஆக்கள் அம்மா. வெள்ளைக்காரர் சர்ச்சுக்குப் போறதுக்கு முந்தி என்னத்தைக் கும்பிட்டவையோ அதைக் கும்பிடுறவை. மரம், சூரியன், நிலா, தண்ணி..."

"அப்ப நாங்கள் ஆர்?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அங்கை ஒருத்தருக்கும் என்னைத் தெரியாது அம்மா" என்றாள். "விசேஷம் ஒண்டும் இல்லையோ எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

எங்களுக்குள் நடந்ததைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. மகளுக்குக் கலியாணமான பிறகு இரண்டு தரம் வயிற்றில் தங்கியது. இரண்டு தரமும் நிற்கவில்லை. பிறகு கிளினிக், ஊசி, மாத்திரை, காத்திருப்பு. அதுவும் சரிவரவில்லை. அவள் மார்க்கம் நகரில் தன் வீட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். நான் மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். அவளுடைய பேரில் அர்ச்சனை. இந்தப் பக்கத்தில் ஒரு கோயில் மிச்சம் விடவில்லை. ஊரில் இருக்கும் தங்கச்சிக்கும் போன் அடித்து அங்கேயும் செய்வித்தேன்.

தட்டோடு நிற்கும்போது ஐயர் முன்னால் வந்து, "பேர், நட்சத்திரம்?" என்பார். நான் ஒரே மூச்சில் ஒப்புவிப்பேன். முதலில் இவர், பிறகு மூத்தவன், மருமகள், பிறகு மகள், உத்தரட்டாதி, பிறகு மருமகன். எத்தனையோ வருடப் பழக்கம். நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் வரும்.

அந்த வரிசையில் என் பேர் இல்லை. கலியாணமான புதிதில் முதல் தடவை கோயிலுக்குப் போனபோது ஐயர் என் நட்சத்திரத்தைக் கேட்டார். எனக்கு ஆயிலியம். ஆயிலியத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு. சாதகம் பார்த்துத்தான் கலியாணம் செய்தார்கள் என்றாலும், அதை நாலு பேர் கேட்கச் சொல்வதில் மாமியாருக்கு விருப்பமில்லை. நான் வாய் திறக்குமுன், "குடும்பம் எண்டு சொல்லுங்கோ ஐயா, காணும்" என்றார். அன்று தொடக்கம் நான் குடும்பம் என்ற சொல்லுக்குள் அடக்கம். மாமியார் தொண்ணூறு தாண்டும்வரை ஒரு தடிமன் காய்ச்சல் கூட இல்லாமல் இருந்துவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகாவது என் பேரைச் சேர்த்திருக்கலாம். பழக்கமில்லாததால் விட்டுவிட்டேன்.

எங்கள் கோயிலில் ஐயருக்கு மைக் உண்டு. அதுதான் வினையாகப் போனது. ஒருநாள் அஜின்கோர்ட்டில் தமிழ்க் கடையொன்றில் நானும் மகளும் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றோம். முன்பின் பழக்கமில்லாத ஒரு பெண் கிட்ட வந்து மகளின் கையைப் பிடித்தா.

"நீர்தானே அந்த உத்தரட்டாதி? உம்மடை அம்மா கிழமைக்குக் கிழமை அர்ச்சனை செய்யிறவா, நான் கேக்கிறனான். கவலைப்படாதையும், கட்டாயம் கிடைக்கும்."

பாவம், அந்த மனிசி நல்ல மனதோடுதான் சொன்னா. மகள் கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டுக் காருக்குப் போய்விட்டாள். நானும் ஓடிப்போய் ஏறினேன். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அம்மா, என்ரை பேரை இனி ஒரு கடவுளிட்டையும் சொல்லாதேங்கோ. எந்தக் கடவுளிட்டையும். சத்தியம் பண்ணுங்கோ."

அவளுடைய கையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன். வேறென்ன செய்ய?

அதற்குப் பிறகு கோயிலில் என் வரிசை இடையில் அறுந்துபோனது. மருமகள் பேரைச் சொல்லிவிட்டு நேரே மருமகனுக்குத் தாவுவேன். முதல் தடவை ஐயர், "மகள்?" என்று நினைவூட்டினார். "இப்ப வேண்டாம் ஐயா" என்றேன். அவர் என்ன நினைத்தாரோ, அடுத்த தட்டுக்குப் போய்விட்டார். நான் தூண் மறைவில் நின்று சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தேன். பெற்ற பிள்ளையின் பேரை விழுங்குவது லேசான காரியமில்லை. அவளும் என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சண்டை என்றில்லை. "சாப்பிட்டியோ?" "ஓம்." "இண்டைக்கு வேலையோ?" "ஓம்." அவ்வளவுதான்.

ஆகவே சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாதவள். அங்கே ஏதாவது ஏடாகூடம் பண்ணினேன் என்றால் இவள் இனி என்னை எந்த இடத்துக்கும் கூப்பிடமாட்டாள். போகுமுன்னர் சாமிப்படத்துக்கு முன்னால் நின்று, என் வாயைக் கட்டிவிடு என்று கேட்டுக்கொண்டேன். இவர் சோபாவில் இருந்து டிவி பார்த்தபடி, "தாயும் மகளும் பேய்க்கூட்டத்துக்குப் போகினம், விடியிறதுக்குள்ளை விளக்குமாத்திலை ஏறிப் பறந்து வருவினம்" என்றார். அவருக்கு எப்போதும் பகிடி.

வெறுங்கையோடு போகக் கூடாது என்று வாழைப்பழம், வெற்றிலை, ஒரு தேங்காய் எல்லாம் பையில் வைத்திருந்தேன். கொஞ்சம் உழுந்து வடையும் சுட்டிருந்தேன். மகள் பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, தேங்காய் எதுக்கு?"

"கும்பிடுற இடமெல்லோ?"

"ப்ளீஸ் அம்மா. தேங்காய் மட்டும் காரிலை இருக்கட்டும்."

சரி என்று பின்சீட்டில் வைத்தேன். வழி முழுக்க, பிரேக் அடிக்கும் போதெல்லாம் அது உருண்டு கதவில் மோதியது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்காத மாதிரி இருந்தோம்.

பூங்காவில் மேப்பிள் மரங்களின் நுனி மட்டும் சிவக்கத் தொடங்கியிருந்தது. புல்வெளியில் நாற்பது பேர் இருக்கும். நான் நினைத்த மாதிரிக் கறுப்பு அங்கி போட்டவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் ஜீன்ஸ், மழைக்கோட்டு. ஒருத்தி சக்கர நாற்காலியில், மடியில் ஒரு சின்ன நாயோடு. ஒரு பெடியன் தலையில் மான்கொம்பு வைத்துக்கொண்டு கைத்தொலைபேசியில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் பிக்னிக் மேசை. அதில் துணி விரித்து அப்பிள், பூசணிக்காய், சோளக்கதிர், பெரிய பாண் ஒன்று, ஜாம் போத்தலுக்குள் மெழுகுதிரி. என் வாழைப்பழத்தையும் வெற்றிலையையும் வாங்கிய மொட்டைத்தலைப் பெண், அவற்றை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய்ப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தா. அவதான் அன்றைய பூசாரி என்று பிறகுதான் தெரிந்தது. இரண்டு கையால் வாங்கினா என்பதால் எனக்கு அவவை உடனே பிடித்துவிட்டது. வடையை மற்றச் சாப்பாடுகளோடு வைக்கச் சொன்னா.

எல்லோரும் வட்டமாக நின்றார்கள். நான் வட்டத்துக்குள் போகுமுன் சப்பாத்தைக் கழற்றினேன்.

"அம்மா, புல்லு ஈரம்."

"பரவாயில்லை."

நிமிர்ந்து பார்த்தால் வேறு ஒருத்தரும் கழற்றவில்லை. என்னடா இது என்று திரும்பப் போடப் போனேன். அதற்குள் பக்கத்தில் நின்ற பெரிய தாடிக்காரர் என் காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், குனிந்து தன்னுடைய பூட்ஸின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார். சொக்ஸில் பெருவிரல் வெளியே தெரிந்தது. அவருக்கு அங்கால் நின்ற பெண்ணும் கழற்றினா. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. மகளைக் கடைக்கண்ணால் பார்த்தேன். கீழுதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

பூசாரி ஒரு தடியோடு எங்களைச் சுற்றி நடந்தா. வலமாகத்தான் வந்தா. இடமாக வந்திருந்தால் அப்போதே மகளை இழுத்துக்கொண்டு காருக்குப் போயிருப்பேன். பிறகு ஒவ்வொரு திசையாகத் திரும்பி ஒவ்வொன்றைக் கூப்பிட்டார்கள். கிழக்கில் காற்று, தெற்கில் நெருப்பு, மேற்கில் தண்ணீர், வடக்கில் மண். எங்கள் கணக்கில் காற்றுக்கு வடமேற்கு, நெருப்புக்குத் தென்கிழக்கு. மேற்கும் தண்ணீரும்தான் பொருந்தி வந்தது, அதுவும் இந்த நகரத்தில் உண்மையான தண்ணீர் தெற்கே லேக்கில் கிடக்கிறது. சொல்லவேண்டும் போல நாக்கு துருதுருத்தது. சொல்லவில்லை. இதுவரைக்கும் நன்றாக நடந்துகொள்கிறேன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

பிறகு எல்லோரையும் கையைப் பிடிக்கச் சொன்னா. என் வலக்கை தாடிக்காரரிடம், இடக்கை மகளிடம். அவளுடைய கை குளிர்ந்துபோய் இருந்தது. கடைசியாக எப்போது பிடித்தேன்? சத்தியம் பண்ணின அன்றுதான். பூசாரி ஒரு மண் சட்டியை எடுத்தா. அதில் ஏதோ இலையும் பட்டையும் புகைந்தது. சாம்பிராணி இல்லை, ஆனால் சாம்பிராணிக்கு ஒன்றுவிட்ட சகோதரம்.

"இப்போது ஒவ்வொருவரும் உங்கள் பேரைச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னா. "நாங்கள் எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்வோம். அப்போது இந்த வட்டத்துக்கு உங்களைத் தெரியும்."

எனக்கு நன்றாகவே விளங்கியது. என் ஆங்கிலத்தில் குறை இல்லை, நேர்சிங் ஹோம் குசினியில் இத்தனை வருடம் வேலை செய்தவள். பூசாரி ஒவ்வொருவர் முன்னாலும் புகைச்சட்டியோடு நின்றா. அவர்கள் பேரைச் சொன்னார்கள், எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். தாடிக்காரர் தன் பேரைச் சொல்லும்போது அந்தப் பெரிய உடம்பின் குரல் நடுங்கியது. நானும் மற்றவர்களோடு சேர்ந்து சொன்னேன்.

அடுத்தது நான். வெறுங்காலோடு நிற்கிறேன். முகத்துக்கு நேரே புகை வருகிறது. நெருப்பு வைத்திருக்கும் ஒருவர் முன்னால் நின்று பேர் கேட்கிறார். கண் தானாக மூடியது. வாய் தானாகத் திறந்தது.

மகளின் பேர் வந்தது. இவருடைய பேர் அல்ல, மூத்தவனுடையது அல்ல. இத்தனை மாதமாக விழுங்கி விழுங்கி வைத்திருந்த அந்த ஒரு பேர். அதோடு நிற்கவும் இல்லை.

"உத்தரட்டாதி" என்றேன்.

கண்ணைத் திறந்தபோது பூசாரி தலையாட்டிவிட்டு அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தா. நாற்பது பேரும் சொன்னார்கள். மகளின் பேரின் நடுவில் இருக்கும் எழுத்தில் எல்லோருடைய நாக்கும் இடறியது. உத்தரட்டாதியில் ஆளுக்கொரு பக்கமாக விழுந்து எழும்பினார்கள். அதையும் என் பேரில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். மான்கொம்புப் பெடியன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பரீட்சைக்குப் பாடமாக்குகிறவன் போலக் கவனமாகச் சொன்னான்.

என் இடக்கைக்குள் இருந்த மகளின் கை விறைத்தது. பிறகு அது என் கையை விட்டது.

கடைக்கு வந்த மனிசியாவது வேறு யாரோ. இப்போது நானே, அவள் பக்கத்தில் நிற்க, அவள் ஒளிந்துகொள்ள வந்த இடத்தில், நாற்பது பேரின் வாயில் அவளுடைய பேரைப் போட்டுவிட்டேன். என்னைக் கட்டையில் வைக்க என்று மனதுக்குள் என்னையே திட்டினேன். அவளைத் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. ஈரப் புல்லில் என் கால்விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூசாரி அவளுக்கு முன்னால் போய் நின்றா. சக்கர நாற்காலியில் இருந்த நாய் ஒருதரம் குரைத்தது. பூசாரி அவசரப்படுத்தாமல் சட்டியைப் பிடித்தபடி நின்றா. இது என்னுடைய பேர், அம்மா மாறிச் சொல்லிவிட்டா என்று மகள் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அல்லது ஒன்றும் சொல்லாமல் காரைப் பார்த்து நடக்கப் போகிறாள்.

அவள் என் பேரைச் சொன்னாள்.

முழுப் பேர். என் அப்பா வைத்த பேர். வீட்டில் நான் இவருக்கு 'இஞ்சாரும்', பிள்ளைகளுக்கு அம்மா, தெருவில் அன்ரி, தங்கச்சிக்கு அக்கா. வேலையிடத்தில் என் பேரை வெட்டிப் பாதியாக்கிச் சட்டையில் குத்தியிருக்கிறார்கள். என் மகளின் வாயால் அந்தப் பேரை நான் அதுவரை கேட்டதில்லை. பிள்ளைகள் தாயின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்களா என்ன?

பூசாரி திருப்பிச் சொல்ல வாயெடுத்தா. மகள் ஒரு விரலைத் தூக்கி, ஒரு நிமிடம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். என் பக்கம் குனிந்தாள்.

"அம்மா, உங்கடை நட்சத்திரம் என்ன?"

எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். மாமியார் பக்கத்தில் எங்கேயாவது நிற்கிறாவோ என்று ஒரு கணம் தோன்றியது, சத்தியமாக.

"ஆயிலியம்" என்றேன்.

"ஆயிலியம்" என்று அவள் பூசாரிக்குச் சொன்னாள்.

நாற்பது பேர் என் பேரையும் ஆயிலியத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். ஒருத்தரும் முகத்தைச் சுளிக்கவில்லை. யாருக்கு ஆகும் யாருக்கு ஆகாது என்று அவர்களுக்கு என்ன தெரியும்? நான் அழுதேன். மூக்கால் வாயால் எல்லாம் வழிய, சின்னப் பிள்ளை போல அழுதேன். தாடிக்காரர் என் வலக்கையை விடாமல் வைத்திருந்தார். இடக்கையை மகள் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது. பாட்டு ஒன்று பாடினார்கள், ராகம் சுமார். பாணைப் பிய்த்து, ஒருவருக்கொருவர், நீ ஒருநாளும் பசித்திருக்காதே என்று சொல்லிக் கொடுத்தார்கள். பசியைப் பற்றி வாழ்த்துகிற கடவுள் எதுவானாலும் அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மகள் தன் துண்டை என் கையில் வைக்கும்போது அந்த ஆங்கில வாசகத்தைச் சொல்லவில்லை. "சாப்பிடுங்கோ" என்றாள். கடைசியில் வடை முழுவதும் முடிந்துவிட்டது. எப்படிச் செய்வது என்று மான்கொம்புப் பெடியன் என்னைக் கேட்டான். உழுந்தை ஊறவைப்பதிலிருந்து சொல்லத் தொடங்கினேன், மகள் வந்து இழுத்துக்கொண்டு போனாள்.

காரில் கொஞ்ச நேரம் தேங்காயின் சத்தம் மட்டும் கேட்டது. நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு அவள் தொடங்கினாள்.

"சத்தியம் பண்ணினீங்கள்."

"ஓம் பிள்ளை. வேணுமெண்டு சொல்லேல்லை. வாய் சொல்லிப்போட்டுது."

"கேட்டீங்களோ?"

"என்னத்தை?"

"பேபி தா எண்டு."

நான் யோசித்துப் பார்த்தேன். பொய் சொல்ல விருப்பமில்லை. கோயிலில் அவள் பேரைச் சொல்லும்போதெல்லாம் அதற்குப் பின்னால் ஒரு பெரிய விண்ணப்பம் வரிசையில் நிற்கும். இன்றைக்கு எதுவும் நிற்கவில்லை.

"இல்லை" என்றேன். "ஒண்டும் கேக்கேல்லை. உன்ரை பேரை மட்டும்தான் சொன்னனான்."

அவள் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, அடுத்த சிக்னலில் பிரேக் அடித்தாள். தேங்காய் உருண்டு வந்து கதவில் இடித்தது. அவள் சிரிக்கத் தொடங்கினாள். "உட்டராட்டாடி" என்று அந்தத் தாடிக்காரரின் குரலில் சொன்னாள். நானும் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, பச்சை விழுந்ததைக் காணாமல் பின்னால் வந்தவனிடம் ஹோர்ன் வாங்கினோம். சிரிப்பு முடியும்போது அவளுடைய கன்னம் நனைந்திருந்தது.

வீட்டு வாசலில் நான் இறங்கும்போது அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"அம்மா, கோயிலிலை என்ரை பேரைச் சொல்லுங்கோ. ஆனா ஒண்டும் கேக்கக் கூடாது. சும்மா பேரை மட்டும்."

அடுத்த சனிக்கிழமை ஐயர் தட்டோடு வந்தார். இவர், மூத்தவன், மருமகள் என்று சொல்லிக்கொண்டு வந்து, மகளின் பேரையும் உத்தரட்டாதியையும் சொன்னேன். ஐயரின் முகம் மலர்ந்தது. "என்ன வேண்டுதல் அம்மா?" என்று மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார். "வேண்டுதல் ஒண்டும் இல்லை ஐயா. பேரை மட்டும் சொல்லுங்கோ" என்றேன். மருமகன் பேரும் முடிந்தது. அவர் வழக்கம் போலக் குடும்பம் என்று முடிக்கப் போனார். "நில்லுங்கோ ஐயா, இன்னும் ஒராள் இருக்கு" என்றேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்காரும்போது தொலைபேசி அடித்தது.

"சொன்னீங்களோ?"

"ஓம், சொன்னனான்."

"உங்கடையும்?"

"ஓம் பிள்ளை. என்ரையும்."